நாற்பத்திரண்டு டிரிபிள் டபிள்: ஓர் ஆட்டக்காரரின் சீசனை எடை போடுவது எப்படி?



நம் பாலிடெக்னிக் கூடைப்பந்து அணியில் நான் ஆடுகிறவன் இல்லை. ஸ்கோர் ஷீட் எழுதுகிறவன். என் உயரத்துக்கு மைதானத்துக்குள் வேலை இல்லை, மேசைக்குப் பின்னால்தான் வேலை என்று முதலாண்டிலேயே தெரிந்துவிட்டது. இரண்டரை வருடமாக எழுதி வருகிறேன். அதில் ஒரு பெரிய தவறும் செய்திருக்கிறேன். அந்தத் தவறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சென்ற ஆண்டு மண்டலப் போட்டிக்கு அணித் தேர்வு நடந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் பதினைந்து பேர். இடம் பன்னிரண்டு பேருக்குத்தான். "இந்த வருஷம் யார் யார் எத்தனை பாயிண்ட்? ஒரு லிஸ்ட் போட்டுக் கொண்டா" என்றார் பி.டி. சார். நானும் எல்லா ஷீட்டையும் கூட்டி, அதிகப் புள்ளியிலிருந்து வரிசையாக எழுதிக் கொடுத்தேன். சிவில் பிரிவில் படிக்கும் என் நண்பனுக்குப் பதின்மூன்றாவது இடம். பெயர் விடுபட்டது. "பரவாயில்ல மச்சி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மண்டலப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்காரர்கள் நம் கூடைக்குக் கீழே புகுந்து, தவறிய பந்தையெல்லாம் எடுத்து எடுத்து மறுபடி போட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருடம் முழுக்க அந்த இடத்தில் நின்று, வருகிறவனை முதுகால் தடுத்து, பந்தை நம் பையன்களுக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். ஆனால் நம் ஸ்கோர் ஷீட்டில் புள்ளிக்கும் ஃபவுலுக்கும்தான் கட்டம் உண்டு. அவன் செய்த வேலைக்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததால் நான் எழுதவில்லை. நான் எழுதாததால் சார் பார்க்கவில்லை.

ஓர் ஆட்டக்காரரை எண்களைக் கொண்டு எடை போடுவது எப்படி என்று அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அதைப் பயிற்சி செய்து பார்க்க அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வை விட நல்ல இடம் இல்லை. அங்கே 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் சீசனுக்கு 82 ஆட்டங்கள். ஒவ்வொரு எறிதலுக்கும் கணக்கு உண்டு. அதில் உலகமே சண்டை போட்ட ஒரு சீசனை எடுத்துக்கொண்டேன்: 2016-17, ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்.

விடுதி மெஸ்ஸில் ஒருநாள் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "டேய், சீசன் முழுக்க சராசரியா முப்பது பாயிண்ட், பத்து ரீபவுண்டு, பத்து அசிஸ்ட்! இதுக்கு மேல என்னடா வேணும்?" என்றார் சீனியர் அண்ணன் ஒருவர். "பிளே ஆஃப்ல முதல் சுற்றிலேயே தோத்துட்டாங்களே, அப்புறம் என்ன?" என்றான் எதிரே இருந்தவன். இரண்டு பேருமே ஒற்றை எண்ணை வைத்துத்தான் பேசினார்கள். என் லிஸ்ட்டைப் போலவே!

வாருங்கள், நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் வெளியீடு

நம் மின்னியல் லேபில் ஒரு மோட்டாரைச் சோதிக்கும்போது முதலில் கேட்பது என்ன? எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதானே. அதையே இங்கும் கேட்போம். ஒப்பிட்டுப் பார்க்க, அதே சீசனில் அவருக்குப் போட்டியாக நின்ற ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஜேம்ஸ் ஹார்டனையும் பக்கத்தில் வைப்போம்.

வெஸ்ட்புரூக்: 81 ஆட்டம், 2,802 நிமிடம், 2,558 புள்ளி, 864 ரீபவுண்டு, 840 அசிஸ்ட், 438 டர்ன்ஓவர்.

ஹார்டன்: 81 ஆட்டம், 2,947 நிமிடம், 2,356 புள்ளி, 659 ரீபவுண்டு, 907 அசிஸ்ட், 464 டர்ன்ஓவர்.

புதிய வாசகர்களுக்காக: கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது ரீபவுண்டு. நாம் கொடுத்த பந்தைத் தோழன் கூடையில் போட்டால் நமக்கு அசிஸ்ட். எறியாமலே பந்தை எதிரணியிடம் இழந்தால் டர்ன்ஓவர்.

81 ஆட்டத்தால் வகுத்தால் வெஸ்ட்புரூக்குக்கு 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்டு, 10.4 அசிஸ்ட். ஹார்டனுக்கு 29.1, 8.1, 11.2. புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட், பந்தைப் பறித்தல், எறிதலைத் தடுத்தல் ஆகிய ஐந்தில் மூன்றில் ஒரே ஆட்டத்தில் பத்தோ அதற்கு மேலோ எடுத்தால் அதற்கு டிரிபிள் டபிள் என்று பெயர். அந்த சீசனில் வெஸ்ட்புரூக் எடுத்தது 42. அதற்கு முன் ஆஸ்கர் ராபர்ட்சன் 1961-62 இல் எடுத்த 41 தான் சாதனை. சீசன் சராசரியே டிரிபிள் டபிளாக அமைந்ததும் ராபர்ட்சனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஐம்பத்தைந்து வருட இடைவெளி! 2017 ஏப்ரல் 9 அன்று டென்வர் நகரில் 42 ஆவது டிரிபிள் டபிளை எடுத்தபோது, 50 புள்ளியும் எடுத்து, கடைசி நொடியில் தூரத்திலிருந்து ஒரு மூன்று புள்ளி எறிதலையும் போட்டு 106-105 என்று ஜெயித்துக் கொடுத்தார்.

வெளியீட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சோதனை இதோடு முடியவில்லை.

2. பத்து என்ற கோடு

பத்து என்பது என்ன? நமக்குக் கையில் பத்து விரல் இருப்பதால் வந்த எண். 9.9க்கும் 10க்கும் ஆட்டத்தில் வித்தியாசம் ஒன்றும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 81 ஆட்டத்தில் சராசரி பத்து வர 810 அசிஸ்ட் வேண்டும். அவர் எடுத்தது 840. அதில் 31 குறைந்திருந்தால் சராசரி 9.99 ஆகியிருக்கும். அசிஸ்ட் என்பதோ அவர் கையில் மட்டும் இல்லை. அவர் சரியாகத்தான் கொடுத்தார், தோழன் எறிந்தது தவறிவிட்டது என்றாலும் அசிஸ்ட் இல்லை. அதாவது, ஆறு மாத ஆட்டத்தில் தோழர்கள் கூடுதலாக 31 பந்தைத் தவற விட்டிருந்தால் இந்த வரலாற்றுச் சாதனையே இல்லை. அவர் ஆடியது அதே ஆட்டமாகத்தான் இருந்திருக்கும்!

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு 60 சதவீதம் வேண்டும் என்கிறார்கள். 59.9 எடுத்தவனுக்கும் 60 எடுத்தவனுக்கும் மூளையில் என்ன வித்தியாசம்? கோடு போடுவது வசதிக்காக. கோட்டுக்கு இந்தப் பக்கம் மேதை, அந்தப் பக்கம் மட்டம் என்று நினைத்தால் தவறு நம்முடையது.

3. எந்தக் காலத்து எண்?

ராபர்ட்சனின் 1961-62 சராசரி 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்டு, 11.4 அசிஸ்ட். மூன்றில் இரண்டில் வெஸ்ட்புரூக்கை விட அதிகம். அப்படியானால் அவர்தான் உயர்ந்தவரா?

அவசரப்படக் கூடாது. ராபர்ட்சன் ஓர் ஆட்டத்துக்கு 44 நிமிடத்துக்கு மேல் களத்தில் இருந்தார். வெஸ்ட்புரூக் 34.6 நிமிடம். அந்தக் காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் கூடையை நோக்கி எறியும். 2016-17 இல் அது சுமார் 85. எறிதல் அதிகம் என்றால் தவறும் பந்தும் அதிகம். தவறும் பந்து அதிகம் என்றால் ரீபவுண்டும் அதிகம். மார்க் வாரி வழங்கிய வருடத்து எண்ணையும் இறுக்கிப் பிடித்த வருடத்து எண்ணையும் பக்கத்தில் வைக்கிற கதைதான் இது.

இன்னொரு விஷயம். என்.பி.ஏ.வில் பந்து பறிப்பையும் தடுப்பையும் 1973-74 முதல்தான் பதிவு செய்கிறார்கள். டர்ன்ஓவரை 1977-78 முதல்தான். ராபர்ட்சன் எத்தனை பந்தை இழந்தார் என்று சொல்ல யாராலும் முடியாது. கட்டம் இல்லை! மேலும், அவ்வளவு எடுத்தும் அந்த வருடம் சிறந்த ஆட்டக்காரர் விருது ராபர்ட்சனுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லினுக்கும் கிடைக்கவில்லை. எதிரணியை எறிய விடாமல் தடுப்பதில் பேர் பெற்ற பில் ரஸ்ஸலுக்குத்தான் கிடைத்தது.

4. திறன்: கொடுத்ததற்கு எவ்வளவு வாங்கினோம்?

இனி நமக்குப் பழக்கமான சூத்திரத்துக்கு வருவோம். திறன் என்பது வெளியீட்டை உள்ளீட்டால் வகுப்பது. ஆட்டக்காரருக்கு உள்ளீடு எது? அவர் பயன்படுத்திக்கொண்ட வாய்ப்பு.

வெஸ்ட்புரூக் 1,941 தடவை எறிந்து 824 ஐப் போட்டார். 42.5 சதவீதம். ஹார்டன் 1,533 இல் 674. 44 சதவீதம். பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தச் சதவீதம் ஏமாற்றும். மூன்று புள்ளி எறிதலையும் இரண்டு புள்ளி எறிதலையும் ஒன்றாகவே எண்ணுகிறது. ஃப்ரீ த்ரோவைச் சேர்ப்பதே இல்லை. அதனால் வேறொரு சூத்திரம் பயன்படுத்துகிறார்கள். ட்ரூ ஷூட்டிங் என்று பெயர்.

ட்ரூ ஷூட்டிங் = புள்ளி ÷ [2 × (எறிதல் + 0.44 × ஃப்ரீ த்ரோ எறிதல்)]

0.44 ஏன்? இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்தால் ஒரு வாய்ப்பு, ஆகவே 0.5 தானே வரவேண்டும் என்று நானும் குழம்பினேன். கூடையில் போட்டுவிட்டு ஃபவுலும் வாங்கினால் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ தனி வாய்ப்பு ஆகாது. அதுபோன்றவற்றைக் கழித்துச் சராசரியாகக் கண்ட எண்தான் 0.44.

வெஸ்ட்புரூக்கின் ஃப்ரீ த்ரோ எறிதல் 840. ஆக வாய்ப்பு 1,941 + 369.6 = 2,310.6. ட்ரூ ஷூட்டிங் 2,558 ÷ 4,621.2 = 55.4 சதவீதம். ஹார்டனின் ஃப்ரீ த்ரோ எறிதல் 881. வாய்ப்பு 1,920.6. ட்ரூ ஷூட்டிங் 61.3 சதவீதம். அந்த சீசனில் லீக் சராசரி 55 சதவீதத்தை ஒட்டியது. அதாவது எறிதல் திறனில் வெஸ்ட்புரூக் சராசரி ஆட்டக்காரர்! கால்குலேட்டரில் இது வந்தபோது நான் இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தேன்.

வேறு விதமாகச் சொன்னால், ஹார்டனை விட 390 வாய்ப்பு அதிகமாக எடுத்துக்கொண்டு அவரை விட 202 புள்ளிதான் அதிகம் எடுத்தார் வெஸ்ட்புரூக். கூடுதல் வாய்ப்பு ஒன்றுக்கு அரைப் புள்ளி.

டர்ன்ஓவரில் இருவருமே தாராளம். ஹார்டனின் 464 அதுவரை ஒரே சீசனில் பதிவானதிலேயே மிக அதிகம். ஒரு டர்ன்ஓவருக்கு எத்தனை அசிஸ்ட் என்று பார்த்தால் வெஸ்ட்புரூக்குக்கு 1.92, ஹார்டனுக்கு 1.95. அதில் கிட்டத்தட்ட சமம்.

5. சுமை

இத்தோடு நிறுத்தியிருந்தால் "வெஸ்ட்புரூக் வெறும் ஆர்ப்பாட்டம்" என்று எழுதியிருப்பேன். ஆனால் லேபில் திறனை மட்டும் தனியாக எழுதினால் சார் ரெக்கார்டில் கையெழுத்துப் போட மாட்டார். "எந்த லோடில்?" என்று கேட்பார்.

2015-16 இல் தண்டர் அணியில் கெவின் டுரான்ட் இருந்தார். 82 இல் 55 வெற்றி. அரையிறுதிக்குச் சமமான சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக 3-1 என முன்னிலை பெற்று, பிறகு 4-3 எனத் தோற்றார்கள். 2016 ஜூலையில் டுரான்ட் தம்மைத் தோற்கடித்த அதே கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போய்விட்டார். அவர் தூக்கிய பாரம் முழுவதும் வெஸ்ட்புரூக் தலையில் வந்து விழுந்தது.

சுமையை அளக்க யூசேஜ் என்றோர் அளவு உண்டு. களத்தில் இருக்கும் நேரத்தில் அணியின் வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் இவர் கையில் முடிகிறது என்பது அது. ஐந்து பேர் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 20. ஹார்டனுக்கு 34.2. வெஸ்ட்புரூக்குக்கு 41.7. அதுவரை யாரும் தொடாத அளவு. எறிதல், ஃப்ரீ த்ரோ வாய்ப்பு, டர்ன்ஓவர் மூன்றையும் கூட்டினால் 2,748.6 வருகிறது. அவர் ஆடியது 2,802 நிமிடம். கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு வாய்ப்பு, ஆறு மாதமும்!

பக்கத்தில் நின்றவர்களையும் பாருங்கள். ஹூஸ்டன் அணி அந்த சீசனில் 1,181 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டு அதுவரை இருந்த சாதனையை உடைத்தது. ஹார்டனைத் தடுக்க இருவர் போனால், எறிவதற்கு ஆட்கள் சுற்றிலும் நின்றார்கள். தண்டர் அணியோ அந்த எறிதலில் லீக்கின் பலவீனமான அணிகளில் ஒன்று. அவர்களை விட்டுவிட்டு எதிரணி வெஸ்ட்புரூக்கை மொய்த்துக்கொண்டது.

டி.சி. ஷண்ட் மோட்டாரில் லோடு டெஸ்ட் செய்தவர்களுக்குத் தெரியும். லோடு ஏற ஏறத் திறன் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் இறங்க ஆரம்பிக்கும். கரண்ட் இரு மடங்கானால் செம்பு இழப்பு நான்கு மடங்காகும். சரி, வெஸ்ட்புரூக் ஓவர்லோடு ஆன மோட்டார், லோடைக் குறைத்தால் திறன் ஏறும் என்று முடிவு கட்டிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

6. என் கணக்கு உடைந்த இடம்

சோதனை என்றால் அடுத்த ரீடிங்கையும் எடுக்க வேண்டுமே. 2017-18 இல் பால் ஜார்ஜும் கார்மெலோ ஆண்டனியும் தண்டர் அணிக்கு வந்தார்கள். வெஸ்ட்புரூக்கின் யூசேஜ் 41.7 இலிருந்து 34.1 ஆக இறங்கியது. திறன் ஏறியதா? இல்லை! ட்ரூ ஷூட்டிங் 55.4 இலிருந்து 52.4 ஆக இறங்கிவிட்டது.

ஏன்? பிரித்துப் பார்த்தால், ஃப்ரீ த்ரோ 84.5 சதவீதத்திலிருந்து 73.7க்கு விழுந்திருக்கிறது. ஃப்ரீ த்ரோவின்போது யாரும் தடுப்பதில்லை, எந்த நெருக்கடியும் இல்லை. அதற்கும் சுமைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. முதல் எறிதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே பின்னால் வெகுதூரம் நடந்து போய்த் திரும்புவது அவருடைய பழக்கம். 2017 இல் மூன்று புள்ளிக் கோட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்று விதி வந்தது. அந்தப் பழக்கம் போனதுதான் காரணம் என்று பலரும் பேசினார்கள். எப்படியோ, மனிதன் மோட்டார் இல்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரி. ஓர் ஆளின் ஒரு சீசனை வைத்து விதி எழுதக் கூடாது என்று இதில் கற்றுக்கொண்டேன்.

அதனால் சுமை என்ற கேள்வியே வீண் என்று ஆகிவிடாது. நான் தந்த விடைதான் அவசர விடை.

7. எது காரணம், எது விளைவு?

வெஸ்ட்புரூக் டிரிபிள் டபிள் எடுத்த 42 ஆட்டத்தில் தண்டர் ஜெயித்தது 33, தோற்றது 9. மொத்தம் 47 வெற்றி, 35 தோல்வி. ஆகவே மற்ற 40 ஆட்டத்தில் 14 வெற்றி, 26 தோல்வி. "பாத்தியா! அவர் எடுத்தா ஜெயிக்கிறாங்க" என்றார் சீனியர் அண்ணன்.

கொஞ்சம் யோசிப்போம். தோழர்களின் எறிதல் விழும் நாளில் அணி ஜெயிக்கும். அதே நாளில் வெஸ்ட்புரூக்கின் அசிஸ்டும் ஏறும். எதிரணி நிறையத் தவற விடும் நாளிலும் அணி ஜெயிக்கும். அன்றைக்கு ரீபவுண்டும் ஏறும். அப்படியானால் டிரிபிள் டபிளால் வெற்றி வந்ததா, வெற்றியைத் தந்த அதே காரணங்களால் டிரிபிள் டபிளும் வந்ததா? இரண்டும் கலந்திருக்கிறது. 33-9 என்ற எண் மட்டும் அதைப் பிரித்துக் காட்டாது.

8. கட்டம் இல்லாத வேலை

இந்தப் பகுதியைத்தான் நான் அதிக நேரம் படித்தேன். வெஸ்ட்புரூக்கின் 864 ரீபவுண்டில் 727 தம் பக்கக் கூடையில் எடுத்தவை. அவற்றில் பலவற்றின் பின்னால் நியூசிலாந்துக்காரரான ஸ்டீவன் ஆடம்ஸ் நிற்கிறார். அணியிலேயே பலசாலி. எதிரணி உயரக்காரனைத் தன் முதுகால் தள்ளி அடைத்து நிற்பார். பந்தை வெஸ்ட்புரூக் எடுத்துக்கொண்டு அப்படியே ஓடுவார். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஓடுகிறவன் கையில் பந்து நேராகப் போனால் ஒரு பாஸ் மிச்சம், எதிரணி திரும்புவதற்குள் பாதி மைதானம் போய்விடலாம். ஆனால் ரீபவுண்டு வெஸ்ட்புரூக் கணக்கில் ஏறியது. ஆடம்ஸுக்கு 7.7 தான். முதுகால் தடுத்ததற்குச் சராசரி போட்டுப் பேப்பரில் யார் எழுதுவார்கள்?

படித்தபோது எனக்கு ஆடம்ஸ் முகம் தெரியவில்லை. என் சிவில் நண்பன் முகம்தான் தெரிந்தது.

9. ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள்

ஒரு கருவி எவ்வளவு முக்கியம் என்று அறிய எளிய வழி, அதை அணைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. 2017 பிளே ஆஃப் முதல் சுற்றில் ஹார்டனின் ஹூஸ்டன் 4-1 என்று தண்டரைத் தோற்கடித்தது. கடைசி ஆட்டத்தின் முடிவு 105-99. வெஸ்ட்புரூக் களத்தில் இருந்த சுமார் 42 நிமிடத்தில் தண்டர் 12 புள்ளி முன்னிலை. அவர் பெஞ்சில் உட்கார்ந்த சுமார் 6 நிமிடத்தில் 18 புள்ளி பின்னடைவு. கூட்டிக் கழித்தால் 6 புள்ளியில் தோல்வி.

மெஸ்ஸில் "தோத்துட்டாங்களே" என்றவனுக்கு இதுதான் பதில். ஆனால் நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் 47 புள்ளி எடுத்த வெஸ்ட்புரூக் கடைசிக் கால் பகுதியில் 11 எறிதலில் இரண்டைத்தான் போட்டார். ஓர் ஆட்டம் ஓர் ஆட்டம்தான், அதை வைத்து ஆளை அளக்க முடியாது.

முடிவு என்ன?

2017 ஜூன் 26 அன்று விருது அறிவித்தார்கள். வெஸ்ட்புரூக் 888 புள்ளி, ஹார்டன் 753. மொத்தம் 101 முதலிட ஓட்டில் வெஸ்ட்புரூக்குக்கு 69, ஹார்டனுக்கு 22, மீதி காவாய் லெனார்டுக்கும் லெப்ரான் ஜேம்ஸுக்கும். அடுத்த ஆண்டு விருது ஹார்டனுக்கே வந்தது. டிரிபிள் டபிள் சராசரியை வெஸ்ட்புரூக் இன்னும் மூன்று சீசனில் எடுத்தார். 2024-25 இல் டென்வரின் நிகோலா யோகிச்சும் எடுத்துவிட்டார். அதிசயமாக இருந்தது பழகிப் போயிற்று. ஆகவே அந்த எண்ணுக்காகவே பரிசு என்றால், பரிசுக்கு வலு குறைவு.

எனக்கு ஓட்டு இருந்தால்? வெஸ்ட்புரூக்குக்குத்தான் போடுவேன். நிமிடத்துக்கு ஒரு வாய்ப்பு என்ற சுமையை 81 ஆட்டம் தூக்கியும் திறன் லீக் சராசரிக்குக் கீழே போகவில்லையே, அதற்காக. டுரான்ட் போன பிறகும் 47 ஆட்டம் ஜெயித்ததற்காக. 42க்காக அல்ல. ஹார்டனுக்குப் போடுகிறவரோடும் சண்டை போட மாட்டேன். ஒரு வருடத்தில் 41 வெற்றியிலிருந்து 55க்கு அணியை ஏற்றியவர் அவர், எறிதல் திறனிலும் மேலானவர். சீனியர் அண்ணனிடம் "அண்ணா, நீங்க சொன்ன ஆள் சரி, காரணம்தான் தப்பு" என்றேன். "ஓட்டு விழுந்துச்சுல்ல, விடுடா" என்றார்.

நண்பர்களே! ஓர் ஆளை எண்ணால் எடை போடும்போது கேட்க வேண்டியவை இவ்வளவுதான். எவ்வளவு கொடுத்தான்? அதற்கு எவ்வளவு வாய்ப்பு எடுத்துக்கொண்டான்? எந்தச் சுமையில்? எந்தக் காலத்தில்? யார் தோளில் நின்று? அவன் இல்லாதபோது என்ன ஆயிற்று? எந்த வேலைக்கு நம் தாளில் கட்டமே இல்லை? கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் மிகவும் நல்லது.

இந்த ஆண்டு ஸ்கோர் ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ரீபவுண்டு, அசிஸ்ட், டர்ன்ஓவர், ஆடிய நிமிடம் என்று நான்கு கட்டம். ஐந்தாவதாக "முதுகால் தடுத்தது" என்று ஒரு கட்டம். அதற்கு உலகத்தில் வேறெங்கும் என்ன பெயரோ, நம் நோட்டில் அதுதான் பெயர். இந்த ஆண்டு மண்டலப் போட்டிக்கு இன்னும் தேர்வு நடக்கவில்லை. சார் லிஸ்ட் கேட்டால் ஐந்து கட்டத்தோடும் கொடுப்பேன். அதற்குப் பிறகும் யாரை எடுப்பது என்பது அவர் முடிவு.

என் சிவில் நண்பனுக்கும் எனக்கும் இது கடைசி ஆண்டு. சென்ற ஆண்டு லிஸ்ட்டைப் பற்றி அவனிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மலரில் சொல்லிவிட்டேன். மச்சி, தப்பு என்னுடையதுதான்.



மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு